ஏரியோரம், சதுப்போரம் மனை: எந்தக் கோட்டிலிருந்து அளப்பது?

நீர்நிலைகளுக்குப் பக்கத்தில் வீடு, மனை, கட்டுமானம் பற்றி வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான்: "எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டணும்?" அந்த எண்ணை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. எந்தச் சட்டம், எந்தக் கோடு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். இந்த இதழில் அப்படிப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

பள்ளிக்கரணை சதுப்பிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொல்லி ஒரு மனையை விற்கிறார்கள். பட்டா இருக்கிறது, பழைய அங்கீகாரம் பெற்ற லேஅவுட். முன்பணம் கொடுக்கலாமா?
(வாசகி, மேடவாக்கம்)

முக்கால் கிலோமீட்டர் எங்கிருந்து என்று விற்பவரிடம் கேளுங்கள். பள்ளிக்கரணைக்கு மூன்று விளிம்புகள் இருக்கின்றன. கோடையில் கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் விளிம்பு ஒன்று. அதற்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. வனத்துறையின் காப்புக்காட்டு எல்லை இரண்டாவது. 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டபோது வரையறுத்த 1,247.54 ஹெக்டேரின் எல்லை மூன்றாவது. காப்புக்காடு இந்த மூன்றாவது எல்லைக்குள் ஒரு பகுதி மட்டுமே. வனத்துறை வேலியிலிருந்து 750 மீட்டர் என்று அளந்து சொல்லும் மனை, ராம்சர் எல்லைக்கு மிக அருகில் இருக்கலாம், உள்ளேயேகூட இருக்கலாம்.

இது இப்போது ஏன் முக்கியம் என்றால், 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையிலும் புதிதாகத் திட்ட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. சதுப்பின் 'தாக்க மண்டலம்' எதுவரை என்று அறிவியல் முறையில் ஆய்வு செய்து வரையறுக்கும் வரைக்குமான ஏற்பாடு அது. இடைக்கால உத்தரவு மாறக்கூடியது. போன மாதம் யாரோ சொன்னதை நம்பாமல், முன்பணம் கொடுக்கும் வாரத்தில் நிலவரம் என்ன என்று பாருங்கள்.

"லேஅவுட் அப்ரூவ்டு" என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் வேறு, அந்த மனையில் வீடு கட்டத் திட்ட அனுமதி வேறு. பழைய லேஅவுட்டில் மனை வாங்கிப் பதிவும் முடிந்த பிறகு, கட்டட அனுமதி நின்றுபோனால் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே புல எண், உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த இடம் ராம்சர் எல்லைக்குள் அல்லது அதிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வருகிறதா, இன்றைய தேதியில் திட்ட அனுமதி விண்ணப்பம் பரிசீலிக்கப்படுமா?" என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சிஎம்டிஏ) எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் வாங்கியே ஆக வேண்டும் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், கிரைய ஒப்பந்தத்தில், "நீர்நிலை அல்லது சதுப்பு நிலக் காரணத்தால் திட்ட அனுமதி மறுக்கப்பட்டாலோ நிறுத்தி வைக்கப்பட்டாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த மனையை விட்டுவிடுவதே நல்லது.

'தாக்க மண்டலம்' என்றால் வட்டமாக ஒரு வளையம் என்று நினைக்க வேண்டாம். 2017 சதுப்பு நில விதிகளின்படி, நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்த இடத்து வளர்ச்சி வேலைகள் சதுப்பைக் கெடுக்குமோ அந்த இடம்தான் தாக்க மண்டலம். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அந்த நீர்வழியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மனை, வேறு திசையில் அரைக் கிலோமீட்டரில் இருக்கும் மனையைவிட முக்கியமானதாக ஆகலாம்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றன. நீர்நிலைப் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்ய வேறு என்ன பார்க்க வேண்டும்?
(வாசகர், செங்கல்பட்டு)

நீங்கள் சொன்ன மூன்றும் உங்கள் மனையைப் பற்றி மட்டுமே பேசும். பிரச்சினை வருவது பெரும்பாலும் பக்கத்துப் புல எண்ணிலிருந்து.

முதலில் அ-பதிவேடு, அதாவது ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்ப் பதிவேடு. தமிழக அரசின் நில ஆவண இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். உங்கள் புல எண்ணோடு நிறுத்தாமல், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் புல எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஓடை, வாய்க்கால், கண்மாய், ஊருணி, கழுவெளி என்று குறிப்புக் கலத்தில் எது வந்தாலும் அது நீர்நிலைப் புறம்போக்கு.

அடுத்து புலப்படம், எஃப்எம்பி. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடி, தனி உட்பிரிவு ஆகாத சிறு வாய்க்கால்கள் அ-பதிவேட்டில் தலைகாட்டாமல் போகும். புலப்படத்தில் இரண்டு கோடுகளாக, புலத்தின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறும். உங்கள் படத்தில் அப்படி ஒரு ஜோடிக் கோடு எல்லையில் முடிந்தால், பக்கத்துப் புலத்தின் படத்தை எடுத்து, அதே அளவில் அது தொடர்கிறதா என்று ஒட்டிப் பாருங்கள். தொடர்ந்தால் அது வாய்க்கால். இன்றைக்கு அந்த இடத்தில் மண் மூடி, முள்வேலி போட்டிருந்தாலும் வாய்க்கால்தான்.

மூன்றாவது, யூடிஆருக்கு முந்தைய பதிவு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது பிழைகள் நுழைந்தன. புறம்போக்காக இருந்தது தனிநபர் பேரில் ஏறியதும் உண்டு, பட்டா நிலம் புறம்போக்காக மாறியதும் உண்டு. ஆகவே பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அதில் 'ஏரி' என்றும் இன்றைய அ-பதிவேட்டில் 'ரயத்துவாரி புஞ்சை' என்றும் இருந்தால், நடுவில் என்ன ஆணையின் பேரில் மாறியது என்று கேளுங்கள். ஆணை எண் இல்லாமல் மாறியிருந்தால் அந்தப் பட்டா என்றைக்கும் கேள்விக்குரியதுதான். பட்டாவை வருவாய்க் கோட்டாட்சியரும் மாவட்ட வருவாய் அலுவலரும் மறுபரிசீலனை செய்ய முடியும்; பதிவு செய்த பத்திரம் அதைத் தடுக்காது.

பிறகு கிராம வரைபடம். அதில் ஏரியின் கரை, மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய் எல்லாம் இருக்கும். கலங்கலிலிருந்து இறங்கும் போக்குக் கால்வாய் எந்தப் பக்கம் போகிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். வறண்ட வருடங்களில் காலி மைதானம் மாதிரி கிடக்கும் அந்தப் பாதையில்தான் மனைகள் முளைக்கின்றன. ஏரி நிரம்பி வழியும் வருடத்தில் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான்.

கடைசியாக, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள். சித்திரையில் மனை பார்த்து முடிவு செய்வதை நாங்கள் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வோம்.

குடியிருப்புத் திட்டத்தில் வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18(2) பிரிவின்படி, நிலத்தின் உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நட்டம் வந்தால் கட்டுநர் ஈடு தர வேண்டும்; இதற்குக் காலவரம்பு கிடையாது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறது என்று காட்டினால், அதன் முதல் பக்கத்தோடு நிற்காமல் நிபந்தனைப் பக்கத்தைப் படியுங்கள். தளமட்டம் எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் எத்தனை அகலத்துக்கு வடிகால் விட வேண்டும் என்று அங்கேதான் எழுதியிருக்கும். மட்டத்தை உயர்த்திவிட்டு வடிகாலை மட்டும் 'மறந்துவிடுவது' அடிக்கடி நடக்கிறது.

அ-பதிவேட்டில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருக்கிறது. ஆனால் வருடத்தில் ஆறு மாதம் தண்ணீர் நிற்கிறது. இது நீர்நிலையா?
(வாசகர், திண்டிவனம்)

வருவாய்ப் பதிவில் தரிசு, இயற்கையில் சதுப்பு. வரி கிடைக்காத நிலத்தைத் தரிசு என்று எழுதிய பழக்கத்தால் எத்தனையோ சதுப்புகள் ஏடுகளில் வீண்நிலமாகவே நிற்கின்றன. 2017 விதிகளின் வரையறையில் தற்காலிகமாகத் தண்ணீர் நிற்கும் இடமும் சதுப்பு நிலமே. ஆனால் அந்த விதிகளின் பாதுகாப்பு ராம்சர் தலங்களுக்கும் அரசு முறைப்படி அறிவிக்கை செய்த சதுப்புகளுக்கும்தான். உங்கள் இடம் அறிவிக்கை ஆகவில்லை என்றால் என்ன செய்யலாம் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் ஊர் ஏரி பாசன ஏரி. 50 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார், 15 மீட்டர் என்று இன்னொருவர். எது சரி?
(வாசகர், மதுராந்தகம்)

இரண்டு எண்ணும் நிஜம்தான். வெவ்வேறு விதிகளில் வருகின்றன.

50 மீட்டர் என்பது 2017 சதுப்பு நில விதிகளில் இருப்பது. படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் அந்த தூரத்துக்குள் கூடாது. அளக்க வேண்டியது கரையிலிருந்து அல்ல, சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து. அந்தச் சராசரிக்கு எடுத்துக்கொள்வது விதி நடைமுறைக்கு வந்த 2017 செப்டம்பருக்கு முந்தைய பத்து ஆண்டுகள். சென்னை வட்டாரத்தில் இதன் பொருள், 2015 வெள்ளமும் அந்தக் கணக்கில் சேர்கிறது என்பது. யாராவது 50 மீட்டரைக் கோடைத் தண்ணீர் விளிம்பிலிருந்து அளந்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அதே விதிகள், பாசனத்துக்கென்றே வெட்டிய அமைப்புகளையும், குடிநீருக்கென்றே கட்டிய ஏரி குளங்களையும், ஆற்றுப்படுகையையும், நெல்வயலையும், உப்பளத்தையும் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ஏரிகளால் ஆன தமிழ்நாட்டுக்கு இது பெரிய ஓட்டை என்பதே எங்கள் கருத்து. வேடந்தாங்கல், கரிக்கிலி, வடுவூர், கரைவெட்டி போன்ற ஏரிகள் பறவை சரணாலயமாகவும் ராம்சர் தலமாகவும் ஆகிவிட்டதால் தப்பின. சாதாரண ஊர் ஏரிக்கு அந்தக் குடை இல்லை.

அதற்காக உங்கள் ஏரி அனாதையும் இல்லை. நீர்வளத்துறைப் பொறுப்பில் இருக்கும் ஏரி என்றால் 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஊராட்சி ஏரி என்றால் 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். கட்டட விதிகளில் வரும் 15 மீட்டர் இங்கேதான் வருகிறது. ஏரி, வாய்க்கால், கிணறு இவற்றிலிருந்து அந்த தூரத்துக்குள் கட்டுவதானால், கழிவுநீர் நீர்நிலைக்குள் போகாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காது. இதை முழுத் தடை என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், வெறும் சம்பிரதாயம் என்று தள்ளவும் வேண்டாம்.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 சதுப்பு நிலங்களின் பட்டியலைக் காட்டி, அறிவிக்கை ஆகாவிட்டாலும் சதுப்பு நில விதிகளின் கோட்பாட்டின்படி அவற்றைக் காக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்த்து எல்லை குறிக்கவும் சொன்னது. உங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எல்லை குறிக்கப்பட்டதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள்.

ஏரியின் எல்லை எது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரைக்கு எதிர்ப்பக்கம், உள்வாய் பக்கத்தில், முழுக்கொள்ளளவில் மூழ்கும் இடத்தில் பட்டா நிலங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. வருவாய் எல்லை ஒன்று, நீர் பரவும் எல்லை இன்னொன்று. முழு நீர்மட்டம் என்பது கலங்கலின் உச்சிதான். அந்த மட்டத்தை வைத்து லெவல் கருவியால் உங்கள் நிலத்தின் உயரத்தை எடுத்தால், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கலங்கலை யாராவது உடைத்துத் தாழ்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். உள்வாயில் மனை போட்டவர்களுக்காக இப்படிச் செய்வது நடக்கிறது. அதனால் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரியை நம்பிய பாசன நிலம், முழுவதும் தண்ணீரை இழக்கிறது.

பட்டா மனைதான், ஏரிக்கு 40 மீட்டர். ஆனால் தாழ்வு. மண் அடித்து உயர்த்திவிட்டால் போதுமா? செப்டிக் டேங்க் எப்படி அமைப்பது?
(வாசகி, பூந்தமல்லி)

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதை 1 மீட்டர் உயர்த்தினால் 223 கன மீட்டர் மண் வேண்டும். யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) ஏறத்தாழ 79. இறுகும்போது அமுங்குவதையும் சேர்த்தால் நூறை நெருங்கும். அந்த 223 கன மீட்டரில் முன்பு நின்றது 2 லட்சத்து 23 ஆயிரம் லிட்டர் மழைநீர். அது இனி பக்கத்து வீட்டில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருடம் ஒன்றேகால் மீட்டர் உயர்த்துவார். பிறகு தெரு உயரும். கடைசியில் முதலில் கட்டியவரின் தரைத்தளம் பள்ளமாகிவிடும். புறநகரின் பல தெருக்களில் நடப்பது இதுதான்.

மனை முழுவதையும் உயர்த்தாதீர்கள். வீடு நிற்கும் பகுதியின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தி, மிச்ச இடத்தை இருக்கிற மட்டத்திலேயே விடுங்கள். இன்னும் நல்லது, தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி வாகன நிறுத்தமாக விடுவது. கொட்டுகிற மண்ணை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடியில் உள்ள சதுப்புக் களிமண் மெல்ல மெல்ல அமுங்கி, இரண்டு மூன்று மழைக்காலத்தில் சுவர் மூலையில் குறுக்கு விரிசல் வரும். அஸ்திவாரம் எப்போதும் கொட்டிய மண்ணைத் தாண்டி, அசல் மண்ணில் உட்கார வேண்டும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செப்டிக் டேங்கில் தவறுவது தொட்டியில் அல்ல, அதற்கு அடுத்த உறிகுழியில், அதாவது தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழியில். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வரும் இடத்தில் உறிகுழி வேலை செய்யாது. கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் கலந்து, ஏரிக்குள் போய்விடும். மழைக்காலத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறி, கழிவறையில் பொங்கும். ஏரியோரத்தில் உங்கள் நிலத்தடி நீர்மட்டத்தைக் கார்த்திகையில் அளக்க வேண்டும், கோடையில் அல்ல. மட்டம் உயரமாக இருந்தால், உறிகுழியைக் கைவிட்டு, தரைக்கு மேல் எழுப்பிய மண்மேட்டில் ஆழமில்லாத பரவல் அகழிகள் அமைக்கலாம். அல்லது அடைத்த தொட்டியில் சேர்த்து, உரிமம் பெற்ற லாரியில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

நிலத்தடித் தொட்டிக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள சம்ப் முழுவதும் நிலத்தடி நீரில் மூழ்கினால், அதை மேலே தள்ளும் விசை 12 டன். சுத்தம் செய்ய மழைக்காலத்தில் காலி செய்தால் தொட்டி கிளம்பும், அல்லது அடித்தளம் பிளக்கும். சுத்தம் செய்வதை வைகாசியிலேயே முடித்துவிடுங்கள்.

இரவில் லாரியில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து ஏரியோரம் கொட்டுகிறார்கள். யாரிடம் சொன்னாலும் பலனில்லை.
(வாசகர், அம்பத்தூர்)

பெரும்பாலும் புகார் பலிக்காததற்குக் காரணம், அதில் புல எண் இல்லாதது. "ஏரியில் குப்பை கொட்டுகிறார்கள்" என்று எழுதினால், நீர்வளத்துறை மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி வருவாய்த்துறையைக் காட்டும். கிராமத்தின் பெயர், புல எண், அ-பதிவேட்டின் நகல், கொட்டிய இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு எடுத்த படம், வண்டி எண், தேதி, நேரம் இவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அதே பக்கத்தை வட்டாட்சியர், நீர்வளத்துறை உதவி செயற்பொறியாளர், உள்ளாட்சி ஆணையர், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் நால்வருக்கும் அனுப்பி, ஒவ்வொரு மனுவிலும் மற்ற மூவருக்கும் நகல் என்று குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். படம் எடுக்க இரவில் தனியாக லாரிக்கு முன்னால் நிற்க வேண்டாம்; தூரத்திலிருந்து, இரண்டு பேராக இருந்து எடுத்தால் போதும்.

காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-வது பிரிவைச் சுட்டிக்காட்டலாம். பாசனத் தண்ணீரைக் குறையச் செய்வதும், வடிகாலை அடைத்துச் சேதம் உண்டாக்குவதும் அதில் வரும் குற்றங்கள்.

அடுத்த படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். காலவரம்பைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் தகராறு என்று போடும் மனு, பிரச்சினை முதலில் எழுந்த ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும்; தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். கெட்டுப்போன இடத்தைச் சீர்செய்யக் கோரும் மனுவுக்கு ஐந்து ஆண்டு. அலுவலகங்களுக்கு மனு போட்டுப் போட்டு ஆறு மாதம் ஓடிவிடும். முதல் மனு போட்ட நாளிலேயே நாட்காட்டியில் ஐந்தாவது மாதத்தைக் குறித்து வையுங்கள்.

முட்டுக்காடு பக்கம் உப்பங்கழி ஓரமாக நிலம். கடற்கரை ஒழுங்குமுறை பொருந்துமா?
(வாசகர், திருப்போரூர்)

கடலிலிருந்து தூரம் என்றாலும், அலை ஏற்ற இறக்கம் எட்டும் கழி என்றால் பொருந்தும். 2011 அறிவிக்கையில் கழியோரம் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் 50 மீட்டர் அல்லது கழியின் அகலம். உங்கள் மாவட்டத்தின் கடற்கரை மேலாண்மை வரைபடம் எந்த அறிவிக்கையின்படி அங்கீகாரம் பெற்றது என்பதைப் பொறுத்தே எண் மாறும். அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் தனி. உயரலைக் கோட்டை நீங்களாகக் குறிக்க முடியாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உங்கள் புல எண்ணை அந்த வரைபடத்தில் பொருத்தித் தரும் படம்தான் செல்லும்.

நாற்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வரி, மின் கட்டணம் எல்லாம் கட்டியிருக்கிறோம்.
(வாசகி, வேளச்சேரி)

வரி ரசீதும் மின் இணைப்பும் நில உரிமைக்குச் சான்று ஆகாது. நீர்நிலைப் புறம்போக்கை வகைமாற்றிப் பட்டா தருவதையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பொய் நம்பிக்கை கொடுத்துப் பணம் வாங்குபவர்கள் இந்த நேரத்தில்தான் உங்களைத் தேடி வருவார்கள்.

நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1905 சட்டத்தின் 7-வது பிரிவு என்றால் அது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். வெளியேற்றும் ஆணை அல்ல. அதற்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பதில் தராமல் இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. அடுத்து 6-வது பிரிவில் ஆணை வரும். அதன் மேல் மேல்முறையீடு உண்டு.

பதிலில் உணர்ச்சிக்குப் பதிலாக அளவு கேளுங்கள். நில அளவர் உங்கள் முன்னிலையில் அளந்தாரா, எந்த நிலையான கல்லிலிருந்து அளந்தார், அளவு வரைபடத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். வீட்டில் ஒரு பகுதி மட்டும் புறம்போக்கில் வருவதும், புல எண்ணே மாறிப்போயிருப்பதும் நிஜமாகவே நடக்கிறது. முழுவதும் நீர்நிலைதான் என்று அளவில் உறுதியானால், அடுத்த மனு மாற்றுக் குடியிருப்புக்கு. அதில் குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வேலை செய்யும் இடம் எல்லாம் சேருங்கள். கல்வியாண்டின் நடுவில் வெளியேற்ற வேண்டாம் என்றும், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒதுக்க வேண்டும் என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். தெருவாகச் சேர்ந்து கொடுக்கும் மனுவோடு, வீட்டுக்கு ஒன்றாகவும் கொடுத்து வையுங்கள்.

எங்கள் ஊர் சதுப்பை அரசு அறிவிக்கை செய்ய வைக்க என்ன வழி? அறிவித்தால் மீன்பிடிப்பும் மேய்ச்சலும் போய்விடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள்.
(வாசகர், மரக்காணம்)

பயம் நியாயமானது, அதற்கான பதில் விதிகளிலேயே இருக்கிறது. அறிவிக்கைக்கு முன் ஒவ்வொரு சதுப்புக்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்க வேண்டும். அதில் எல்லை வரைபடம், தாக்க மண்டல வரைபடம், சதுப்பின் சூழலியல் தன்மை, ஏற்கெனவே மக்களுக்கு உள்ள உரிமைகள், அனுமதிக்கும் வேலைகள், கட்டுப்பாட்டோடு அனுமதிக்கும் வேலைகள், கண்காணிக்கும் முறை எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் ஊர் எழுத வேண்டியது நாலாவது பகுதியை. எந்த மாதத்தில் யார் எந்த வலையோடு இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் மாடு மேய்கிறது, கோரை யார் அறுக்கிறார்கள், எந்தத் தடத்தில் சுடுகாட்டுக்குப் போகிறார்கள் என்று இடம் குறித்து எழுதிக் கொடுங்கள். அதை அதிகாரிகள் தாமாக எழுத மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. எழுதாமல் விட்ட உரிமையைப் பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

இதை கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. தண்ணீர் தினமான மார்ச் 22 பொருத்தமானது. தீர்மானத்தில் புல எண்களும் பரப்பளவும் கட்டாயம் வேண்டும். நகலை ஆட்சியருக்கும் மாநிலச் சதுப்பு நில ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆணையம் பரிந்துரைத்தால் வரைவு அறிவிக்கை வரும். ஆட்சேபம் சொல்ல 60 நாள். பரிந்துரைத்த நாளிலிருந்து 240 நாளுக்குள் இறுதி அறிவிக்கை வர வேண்டும்.

அந்த 60 நாளில் மனை விற்பனையாளர்கள் எல்லையைச் சுருக்கச் சொல்லி ஆட்சேபம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வரைவு வந்ததையே அறியாமல் இருந்துவிடுகிறார்கள். வரைவு வெளிவந்ததும் வரைபடத்தைத் தீர்மானத்தோடு ஒட்டிப் பார்த்து, விடுபட்ட புல எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள். தண்ணீர் வரும் ஓடைகளின் புல எண்கள்தான் முதலில் விடுபடும்.